கழுத்துப் பக்கத்துப் பிக்கப்

கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன் சார். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கரூரிலிருந்து பஸ் பிடித்து திண்டுக்கல் வரை வந்திருக்கிறீர்கள், உங்களை அலைக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் கொடுத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். போனில் போட்ட விளம்பரத்தில் இதை எழுதவில்லை. எழுதியிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கிட்டாருக்குள் என் அண்ணன் இருக்கிறான்.

சிரிக்கலாம் சார், பரவாயில்லை. உங்களுக்கு முன்னால் வந்த மதுரைக்காரரும் சிரித்தார். மெல்லிசைக் குழு நடத்துகிறவர், தங்கமான மனிதர். நான் வாசித்துக் காட்டினேன். சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார். அதனால்தான் உங்களிடம் முன்கூட்டியே சொல்கிறேன்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஈ.சி.இ. படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையதுதான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து, நான் சிறுவனாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா கன்னியாஸ்திரிகள் மடத்தில் சமைக்கிறாள். அண்ணன் வெல்டிங் பட்டறையில் நின்றதால்தான் நான் கல்லூரியில் உட்கார முடிந்தது. அதனால் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் நான் சோதித்துப் பார்ப்பேன். சோதிக்காமல் எதையும் சொல்வதில்லை. இதையும் எல்லா வழியிலும் சோதித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அண்ணன் பெயர் சகாயம். பகல் முழுக்க கிரில் கேட் பற்றவைப்பான். சாயங்காலம் வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு இதை மடியில் வைத்துக்கொள்வான். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது அவனிடம் கொடுத்தது. தலையில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது, பாருங்கள். நடுவில் மட்டும் கெட்டியான மரக்கட்டை ஓடுகிறது. இரண்டு பக்கமும் வெறும் கூடு. அந்தக் கூட்டுக்காகத்தான் இந்த இரண்டு துளைகள். முழுக் கட்டைக் கிட்டாருக்கு இல்லாத ஒரு மூச்சு இதற்கு உண்டு என்பான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவோடு வாசிப்பான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாசிக்கும்போது முனகுவான். கை என்ன வாசிக்கிறதோ அதையே தொண்டைக்குள் இழுத்துக்கொண்டிருப்பான். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்கும். கீபோர்டு வாசிக்கிற ஃபிலோ அக்காதான் எங்கள் குழுவுக்குத் தலைவி. "ஏம்ப்பா சகாயம், நீ கிட்டார் வாசிக்கிறியா, கிரைண்டர்ல மாவாட்டுறியா?" என்று கேட்பார்கள். "நான் எங்கே முனகுறேன் அக்கா, கிட்டார்தான் முனகுது" என்பான். உண்மையாகவே அப்படித்தான் நம்பினான் சார். எத்தனை பேர் சொன்னாலும் ஏற்கமாட்டான். சிலருக்கு அப்படி. தன் குரல் தனக்கே தெரியாது. எனக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அவன் முனகல் ஏன் ஒலிபெருக்கிக்கு வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றி வைத்ததுதானே. மேலே ஓடுகிற தந்தி அதிர்வதை மட்டும்தான் அது கேட்க வேண்டும். ஆனால் சுற்று தளர்ந்துபோனால் அது எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்துவிடும். மேலே தட்டினால் கேட்கும், அருகில் பேசினால் கேட்கும், சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். இதில் இரண்டு பிக்கப். தந்திகள் போய் முடிகிற பாலத்துப் பக்கம் இருப்பது சாது. கழுத்துப் பக்கம் இருப்பதுதான் அப்படிப்பட்டது. குனிந்து வாசிப்பவனின் வாய் அதற்கு நேரே இருக்கும். அதுவரை எல்லாம் விஞ்ஞானம்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தானே நடந்துதான் போனான். திரும்பிவரவில்லை. அதைப் பற்றி வேண்டாம்.

கிட்டார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாரையும் போல நாங்களும் போய் அவன் கல்லறையில் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபாதர் மந்திரித்து முடித்ததும் வீட்டுக்கு வந்தோம். அம்மா பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவளே இழுத்தாள். "எடுத்து வாசிடா லூர்து. சும்மா வச்சிருந்தா துருப்பிடிச்சிடும்" என்றாள். எனக்கு அண்ணன் கற்றுக்கொடுத்ததுதான், சுமாராக வாசிப்பேன். பூசையில் நற்கருணை நன்மை வாங்கும் நேரத்தில் அவன் வாசிக்கிற மெட்டை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

அடியில் முனகல் கேட்டது சார்.

நிறுத்தினேன். அதுவும் நின்றது. மறுபடி தொடங்கினேன். அதுவும் தொடங்கியது. அதே இழுப்பு, மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது கொஞ்சம் எட்டாமல் தொங்குகிற அதே தொங்கல். அம்மா பின்னால் வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். பயப்படாதே என்கிற மாதிரி. "சகாயம்" என்றாள். அன்றிலிருந்து நான் வாசிக்க உட்கார்ந்தால் பின்னால் வந்து உட்கார்ந்து முதுகில் கை வைத்துக்கொள்வாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் வாசித்தேன். அங்கேயும் வந்தது. பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூசை முடிந்ததும் ஃபிலோ அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா வாசிக்கிற தங்கம். ஆனா கொஞ்ச நாளைக்கு கிளமெண்ட் வாசிக்கட்டுமே" என்றார்கள். பயந்துவிட்டார்கள், பாவம். கிளமெண்ட் பக்கத்துத் தெருப் பையன், என் வயதுதான். இதே கிட்டார், இதே ஆம்ப்ளிஃபையர், இதே மெட்டு. அவன் வாசித்தால் முனகல் இல்லை. ஊளை இருந்தது, முனகல் இல்லை. புதிய ஆளிடம் அண்ணன் வாயைத் திறக்கமாட்டான். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான், பழகத்தான் நாளாகும்.

ஃபாதரும் என்னிடம் பேசினார். "கொஞ்சம் ஓய்வெடு தம்பி. வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே, போய்ச் சேரு. மெல்ல மெல்ல சரியாயிடும்" என்றார். சரியாகிவிடும் என்று அவர் சொன்னது கிட்டாரைத்தான். கிறிஸ்துமஸுக்குள் சரிசெய்துவிடுகிறேன் ஃபாதர் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

வேலை என்றது ஓசூரில். சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை, நான் படித்ததே அதைத்தான். வளாக நேர்காணலில் கிடைத்தது. சேருகிற தேதியை ஒரு தடவை தள்ளிக் கேட்டேன், கொடுத்தார்கள். இன்னொரு தடவையும் கேட்டேன். வருகிற திங்கட்கிழமைக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஆனால் இதை இப்படியே விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? அம்மா தனியாக, இது கட்டிலுக்கு அடியில்.

அதனால் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதலில் உயரம். பிக்கப் தந்திக்கு மிக நெருங்கியிருந்தால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். ஒரு ஸ்வரத்தோடு இன்னொன்று தள்ளாடிக்கொண்டு வரும், முனகல் மாதிரி. அதுவாக இருக்கலாம் அல்லவா? கழுத்தின் கடைசிக் கட்டத்தில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடைவெளியில் நாணயத்தைச் செருகிப் பார்த்து, ஸ்க்ரூவைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று இறக்கினேன். தடித்த தந்திகளின் பக்கம் கொஞ்சம் அதிகமாக இறக்கினேன், மெல்லிய தந்திகளின் பக்கம் குறைவாக. ஸ்வரம் தெளிந்தது. அடியில் மூடியிருந்த கம்பளியை விலக்கியதுபோல் இருந்தது. முனகலும் தெளிந்தது சார்.

அடுத்தது மெழுகு. சுற்று தளர்ந்த பிக்கப்பை உருக்கிய மெழுகில் முக்கினால் மெழுகு இடுக்குகளில் இறங்கி உறைந்துவிடும். பிறகு அது தந்தியைத் தவிர எதையும் கேட்காது. மெழுகு வேண்டும் என்றேன். அம்மா ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் கல்லறைமேல் ஏற்றிய மெழுகுவர்த்திகளின் கட்டைகள், சுரண்டி எடுத்துவந்திருக்கிறாள். "அதைப் போய் வேற எதுக்குடா உபயோகிக்கிறது" என்றாள். சாம்பலும் செவ்வந்தி இதழும் ஒட்டியிருந்தன. உருக்கிப் பழைய சேலைத் துண்டில் வடிகட்டினேன். நேரே தீயில் வைத்தால் பிக்கப்பின் பிளாஸ்டிக் இளகிவிடும், அதனால் வெந்நீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து அதில் இறக்கினேன்.

இறக்கியதும் குமிழிகள் வந்தன. உள்ளே இருக்கிற காற்று. அது தெரியும். ஆனால் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. ஒன்று பெரிதாக, பிறகு சின்னச் சின்னதாக, விட்டு விட்டு. குமிழி அடங்கும்வரை வைத்திருக்க வேண்டும். அம்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். நான் மட்டும் நின்று, கடைசிக் குமிழி அடங்கியதும் இடுக்கியால் எடுத்தேன்.

மாட்டி, சோதித்தேன். நகத்தால் தட்டினேன், கேட்கவில்லை. வாயை அருகில் வைத்துக் கத்தினேன், ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன், ஊளை இல்லை. பிக்கப் செவிடாகிவிட்டது. மூன்று விதமாகச் சோதித்து உறுதிசெய்துகொண்டேன். அதன் பிறகு வாசித்தேன்.

முனகல் வந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

சரி, இந்தப் பிக்கப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன். புதிதாகத் தேடினேன். இதில்தான் எனக்கு நிறைய நாள் போயிற்று, நீங்களும் இசைக்காரர் என்பதால் சொல்கிறேன். முதலில் வாங்கியது பலமான காந்தம். கூடுள்ள கிட்டாரை அது கட்டைக் கிட்டாராக்கிவிட்டது. மரத்தின் சத்தமே இல்லை, இரும்புதான் பேசியது. அதைத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது, பலம் குறைந்தது, மேலே உலோக மூடி போட்டு உள்ளே மெழுகு நிரப்பியே வந்தது. அது பொருந்தியது. பாலத்துப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கழுத்துப் பக்கத்தை நன்றாக இறக்கி, இரண்டும் சமமாகக் கேட்கிற இடத்தைப் பிடித்தேன். இதற்குப் பின்பக்கம் திறக்கிற மூடி கிடையாது. ஒயர், சத்தம் கூட்டுகிற குமிழ் எல்லாவற்றையும் இந்தத் துளை வழியாகத்தான் வெளியே இழுத்து, திரும்ப உள்ளே விட வேண்டும். மீன்தொட்டிக் குழாயைக் குமிழின் தண்டில் செருகி, உள்ளே விட்டு, அந்தப் பக்கத்து ஓட்டை வழியாக இழுத்தேன். குடலை எடுத்துத் திரும்ப வைப்பதுபோல் இருக்கும். அம்மா அதையும் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் முன்னால் இருப்பது அந்தப் புதிய பிக்கப்தான். அண்ணனுடைய பழையது அந்த டிபன் பாக்ஸில் இருக்கிறது. கிட்டாரில் அது இல்லவே இல்லை. இருந்தும் வருகிறது.

கடைசியாக ஒன்று செய்தேன். ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஆம்ப்பை அணைத்துவிட்டேன். வெறும் தந்தியையும் மரத்தையும் வைத்து வாசித்தேன். அப்போதும் வந்தது சார். அன்றுதான் என் படிப்பு என்னைக் கைவிட்டது. அந்த முனகல் இன்னமும் மெதுவாக, இன்னமும் பக்கத்தில், காதோடு காதாக.

போனில் பதிவு செய்து அதிர்வெண்ணைக் கூடப் பார்த்தேன். அண்ணன் கோயிலில் வாசித்த பழைய பதிவு ஒன்று ஃபிலோ அக்காவிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இழுப்பு, அதே தொங்கல். சுருதி மட்டும் அவனுடையதைவிடக் கொஞ்சம் மேலே. இறந்தவர்களின் குரல் சற்று ஏறிவிடும்போல. இதை எங்கேயும் படித்ததில்லை, என் ஊகம்தான். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழியில் எனக்கு ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த நாட்களில் முனகலும் கம்மிப்போய், கரகரவென்று வந்தது. எனக்கு சரியானதும் அதுவும் சரியாகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் எனக்கு ஒன்று என்றால் அவனால் தாங்க முடியாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். மிளகுக் கஷாயம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "ஆமாடா, உன் மேல அவனுக்கு உசுரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். போனில் பேசும்போது எங்கள் இரண்டு பேரில் யார் பேசுவது என்று அவளுக்கே தெரியாது என்பாள். அப்படி ஒட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இதை இங்கே விட்டுவிட்டு நான் ஓசூர் போனால், வாசிக்க ஆளில்லாமல் அம்மாவுக்கு அவன் ஊமையாகிவிடுவான். அதைத் தினம் பார்த்துக்கொண்டு அவள் இருக்க வேண்டும். கூடவே எடுத்துப் போனால், பெற்றவளிடமிருந்து அவனைப் பிரித்தவன் ஆவேன். போகாமலே இருந்தால், அண்ணன் பட்டறையில் நின்று கண்ணைக் கெடுத்துக்கொண்டது வீணாகிவிடும். அதனால்தான் நல்ல ஆளாகப் பார்த்து, உண்மையைச் சொல்லி, கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றாள். அவளுக்கு மனசில்லை என்று தெரியும். அவள் பாதி ராத்திரி கேட்டாலும் நான் வாசித்துக் காட்டுவேன் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டதே இல்லை. நான்தான் உட்காருவேன். அவள் வந்துவிடுவாள்.

டீ ஆறிவிட்டதே சார். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் கேளுங்கள். ஆம்ப் இல்லாமலே வாசிக்கிறேன். நீங்கள் அந்தத் துளைப் பக்கம் காதை வையுங்கள்.

கேட்டதா?

கேட்டது, இல்லையா? நீங்கள் தலையசைத்ததைப் பார்த்தேன். முதலில் துளைக்கருகே குனிந்தீர்கள், பிறகு நிமிர்ந்துவிட்டீர்கள். அங்கேதானே சார் சத்தம் வருகிறது, ஏன் நிமிர்ந்தீர்கள்? கிட்டாரைப் பார்க்காமல் ஏன் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

சொல்லுங்கள் சார். என்னவோ சொல்ல வாயெடுத்தீர்களே. பின்னால் யாரைப் பார்க்கிறீர்கள்?

என்னம்மா? அவர்கிட்ட எதுக்குத் தலையை ஆட்டுற?

மன்னியுங்கள் சார், அம்மா எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. அம்மா, இவர்தான் கரூர்லேருந்து வந்தவர். கேட்டுவிட்டார். பயப்படவில்லை, பார். மதுரைக்காரர் மாதிரி இல்லை. இவரிடம் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இல்லையா? ஏன்?

கேட்டீர்களா சார், அம்மா சொல்வதை. "தம்பி, தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, கோவிச்சுக்காதீங்க. இது விக்கிறதுக்கில்ல." இவ்வளவு நாள் உன் இஷ்டம் என்றவள்தான். பிறகு என்னிடம் சொல்கிறாள், "ஞாயித்துக்கிழமை வண்டி ஏறுடா லூர்து. இதையும் கூட எடுத்துக்கிட்டுப் போ." அப்படியானால் இந்த வீட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், நீங்களும் பக்கத்திலேதான் இருந்தீர்கள். அதற்கு என்ன சொன்னாள் பார்த்தீர்களா?

"நீ அங்கே வாசி. போனைப் பக்கத்துல வச்சிக்கிட்டு வாசி. எனக்கு இங்கே கேட்கும்."

அவளுக்கு இதெல்லாம் புரியாது சார். போனின் மைக் பேச்சுக் குரலுக்காகச் செய்தது. கிட்டாரின் அடி ஸ்வரங்களையெல்லாம் அது வெட்டிவிடும். மரத்துக்குள்ளிருந்து வருகிற இந்த மாதிரி நுட்பமான சத்தம் ஓசூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்து சேரவே சேராது. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். "வரும்டா" என்கிறாள். கிட்டார் சத்தத்தைவிட அதுதான் நன்றாக வரும் என்கிறாள். படிக்காதவளிடம் எப்படி விளக்குவது? நீங்களாவது சொல்லுங்கள் சார். என்ன சார், நீங்களும் வரும் என்கிறீர்கள்?

சரி. வந்ததற்கு இன்னொரு தடவை வாசிக்கிறேன், கேட்டுவிட்டுப் போங்கள். ஊருக்குப் போகுமுன் இந்த வீட்டில் இனி எத்தனை தடவை வாசிக்கப் போகிறேன். ஒரு நிமிஷம், அம்மா வந்து உட்காரட்டும். அவள் கை முதுகில் இருந்தால்தான் அது நன்றாக வரும்.

அந்தக் கையை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள் சார். நான் வாசிக்கும்போதெல்லாம் என் முதுகில் அது மெல்ல அதிர்கிறது. வாசிப்பதை நிறுத்தினால் கையும் நின்றுவிடுகிறது. வயசாகிறதல்லவா, அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.